டாக்டர் வருவதற்கு முன்

மூன்றாவது பீரியட். ஒன்பதாம் வகுப்பு 'பி', தண்டையார்பேட்டை.
இரண்டு மின்விசிறியில் ஒன்று சுற்றுகிறது,
மற்றது சுற்றும் என்று
ஜூனிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.
முக்காலமும் தலைக்கு மேலேயே இருந்தும்
நான் புத்தகத்தைத் திறக்கிறேன்.

சாக்பீஸ் ஒடிகிறது. எழுதுகிறேன்.
எனக்கு என் டீச்சர் எழுதிப் போட்டது,
அவருக்கு யார் போட்டார்களோ:
தி பேஷண்ட் ஹேட் டைட்
பிஃபோர் தி டாக்டர் கேம்.

"இறந்தகாலம் ரெண்டு.
முந்தி நடந்ததுக்கு ஹேட் போடணும்.
பிந்தி நடந்ததுக்கு வேணாம்."
காசிமேட்டுக் காற்று ஜன்னல் வழியாக
ஐஸும் டீசலும் நெத்திலியுமாய் நுழைந்து
கடைசி பெஞ்சில் உட்கார்கிறது.

தேசப்பன் எழுந்தான்.
"ஏழாவதுலேர்ந்து பாக்குறேன் மிஸ்,
இவரு ஏன் செத்துனே கீறாரு?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.
செத்துனே கீறாரு:
அடுத்த வாரம் நடத்த வேண்டிய பாடம்,
ஹேஸ் பீனும் ஐஎன்ஜியும்
ஏழாவதுலேர்ந்து என்பதற்கு ஒரு சின்ஸும்
பிசகில்லாமல் அவன் நாக்கிலேயே இருந்தது.
அந்த நாக்கைத்தான்
ஒழுங்காப் பேசுடா என்று
ஒவ்வொரு நாளும் திருத்திவந்திருக்கிறேன்.

"சரி, அவரை விட்டுடுவோம்.
ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க.
யாரும் சாகக் கூடாது."

பெனிட்டாவின் அம்மாவுக்கு
பெரியாஸ்பத்திரியில் துடைக்கிற வேலை, நைட் ஷிஃப்ட்.
"டாக்டரு அங்கயேதான் மிஸ் இருப்பாரு,
லிஃப்ட்டுதான் வராது" என்றவள்
நோயாளியை மூன்று மாடி ஏற்றினாள்:
ஹேட் க்ளைம்ட் தி ஸ்டெப்ஸ்
பிஃபோர் தி லிஃப்ட் கேம்.
கைதட்டல். அவர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்,
அதாவது, மூன்றாவது மாடிக்கு.

நஸ்ரத் சொன்னாள்,
தி வாட்டர் ஹேட் ஓவர் பிஃபோர் மை குடம் கேம்.
"ஓவர் வினைச்சொல் இல்லம்மா."
"தீந்துபோச்சு மிஸ். தீர்றது வினை இல்லியா?"
தமிழில் வினைதான்.
லாரிக்குப் பின்னால் ஓடியவளுக்கு
அது எந்த மொழியிலும் வினைதான்.
ரன் அவுட் என்று எழுதிக் காட்டினேன்.
"அது கிரிக்கெட்டு மிஸ்" என்றார்கள் பையன்கள்.

தினமும் தாமதமாக வருகிற யாதகிரி
இதற்காகவே காத்திருந்தவன் போல,
தி கேட் ஹேட் க்ளோஸ்ட் பிஃபோர் ஐ கேம்.
கொருக்குப்பேட்டை கேட்.
இலக்கணம் சுத்தம்.
இனி எப்படி இவனை வெளியே நிறுத்துவேன்?

பவித்திரன் மட்டும் நோட்டைக் கையால் மறைத்திருந்தான்.
எடுத்துப் பார்த்தேன்:
பிஃபோர் தி டாக்டர் கேம்,
தி பேஷண்ட் வாஸ் வெயிட்டிங்.
"ஹேட் எங்கடா?"
"இன்னும் சாவல மிஸ்.
வெயிட் பண்ணினு கீறாரு."

சிவப்புப் பேனாவின் மூடி என் பல்லிடுக்கில்.
விடைக்குறிப்பில் இதற்கு மதிப்பெண் கிடையாது.
தப்பும் கிடையாது, யோசித்தால்.
ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்,
பெல் அடித்துவிட்டது.

சாயங்காலம் ஸ்கூட்டரில் வீட்டுக்கு.
கேட்டின் இந்தப் பக்கம் நான்,
முன்னால் மீன்கூடை வைத்த டிவிஎஸ், இரண்டு ஷேர் ஆட்டோ,
ஹாரனை விடாமல் அழுத்துகிற ஒருவர்.
டேங்கர் வண்டிகள் ஒவ்வொன்றாய்,
அவசரமே இல்லாமல்,
போகின்றன, போய்க்கொண்டிருக்கின்றன, போயிருக்கவே இல்லை.
பெட்டிகளின் இடைவெளியில்
துண்டு துண்டாகத் தெரிகிறது
அந்தப் பக்கம் ஒரு சைக்கிள்,
அதன் மேல் பள்ளிச் சட்டை, பல்.

"மிஸ்!" என்று கத்துகிறான் யாதகிரி,
சக்கரச் சத்தத்துக்கு மேலே,
"ஹேட் க்ளோஸ்ட்!"